வலப்பக்கம் சரியும் கேமரா

"ஸ்பிரிங் போச்சுன்னா போச்சுடா!"

"அளவு மீறி முறுக்கினா போகாம என்ன மாமா..."

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னு சொன்ன கதையா? என்கிட்டயேவா?"

மைத்துனன் உதிரிப் பெட்டியைத் திறந்தான். அக்காள் புருஷன்தான் கேமராமேன்; இவன் உதவியாள். கேமராவை மாமாவின் உடம்போடு சேர்த்துத் தாங்கும் இரும்புக் கை, காலையிலிருந்து வலப்பக்கமே சரிந்துகொண்டிருந்தது. அதை நிமிர்த்தத்தான் மாமா அதன் ஸ்பிரிங்கை அத்தனை முறுக்கியிருந்தார். மாற்றுக் கையைப் பூட்டினான். அதுவும் வலப்பக்கமே சரிந்தது.

"முடியலன்னா வேற ஆளக் கூப்பிடவா?" என்றார் டைரக்டர்.

"மிஷின் கோளாறு சார்!" என்று மாமா சிரித்தார்.

மைத்துனன் அப்போதுதான் கருவியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தான். மாமா இடது காலை ஊன்றாமல், வலப்பக்கம் சாய்ந்தே நின்றார். கேமராவைத் தாங்கும் இடுப்புப் பட்டையை இறுக்குவதுபோலக் குனிந்து, மெல்லக் கேட்டான்:

"இந்த இடுப்பு வலி அக்காவுக்காவது தெரியுமா மாமா?"