செப்டம்பர் பிள்ளை

எங்கள் கெர்வின் ஊரில் ஆண் பிள்ளை ஆகஸ்டில் பிறந்தால் வீட்டில் முகம் தொங்கிவிடும். பள்ளியில் வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்குவதால் அந்த மாதம் பிறந்தவன் வகுப்பில் மூத்தவனாக இருப்பான். மூத்தவன் என்றால் எடை அதிகம், கழுத்துத் தடிமன் அதிகம். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனையும், அவனுக்காக எதிராளியை முட்டித் தள்ளுகிறவனையும் தவிர வேறு ஜீவராசிகளை மதிக்காத ஊர் இது.

"இத்தனூண்டு ஊரு, சுத்திலும் பருத்தியும் எண்ணெய்க் கிணறும்தான். எப்படிங்க வருஷா வருஷம் உங்க பள்ளிக்கூடமே ஜெயிக்குது?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒழுக்கம், உழைப்பு, பிரார்த்தனை என்பார் எங்கள் கோச் ஸ்ட்ராடர். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாதது ஒன்று உண்டு. பையனை ஒரு வருஷம் தாமதமாகத்தான் பள்ளியில் சேர்ப்போம். அது போதாதென்று தோன்றினால் எட்டாம் வகுப்பை இன்னொரு தடவை படிக்க வைப்போம். டீச்சர் ஏன் என்று கேட்டால் "இன்னும் முதிரலைங்க" என்போம், ஏதோ பலாப்பழத்தைப் பற்றிச் சொல்வதுபோல. டீச்சரும் வெள்ளிக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறவர்தானே, மேலே பேசமாட்டார்.

என் தங்கை லோரீனுக்கு வலி எடுத்தது ஆகஸ்டின் கடைசி நாள். அவள் புருஷன் டுவெய்ன் பிரசவ அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தாங்கிக்கோடி, கண்ணு, தேதி மாறட்டும்" என்று கெஞ்சினான். அவள் வைத வசவை நர்சுகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனாலும் தாங்கிவிட்டாள். நள்ளிரவு கழிந்ததும் கிரேடி பிறந்தான். "செப்டம்பர் பிள்ளை!" என்று டுவெய்ன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கிரேடி நாங்கள் வேண்டிக்கொண்டபடியே வளர்ந்தான். கதவு நிலையில் தோள் இடிக்கும். முன்வரிசையில் நின்று முட்டுகிற வேலை அவனுக்கு. பந்தைத் தொடாத வேலை, பேப்பரில் பேர் வராத வேலை. ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். போன வருஷம் பதினொன்றாம் வகுப்பில் அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு மூன்று கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவன் கையைக் குலுக்கி, "கடைசி வருஷ ஆட்டத்தைப் பாத்துட்டு வந்து, இலவசமாப் படிக்கக் கூட்டிட்டுப் போறோம், தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டுவெய்ன் எண்ணெய்க் கிணற்றில் முதுகை ஒடித்துக்கொண்டவன். தன் பிள்ளை அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் ஆசை. அதற்கு இந்த ஒரு பருவம் பாக்கி இருந்தது.

ஆகஸ்டில் பயிற்சி தொடங்கிய வாரமே கோச் கூப்பிட்டு அனுப்பினார். டுவெய்னோடு நானும் போனேன். மைதானத்தை ஒட்டிய அவர் அறையில் கோப்பைகள் வைக்க இடம் போதாமல் தரையிலும் நின்றன.

"உக்காருங்க" என்றார் கோச். "நேராவே சொல்லிடறேன், டுவெய்ன். கிரேடி இந்த வருஷம் ஆட முடியாது."

"ஏன், முழங்காலா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!"

"வயசு. செப்டம்பர் ஒண்ணாம் தேதி அன்னிக்குப் பத்தொன்பது முடிஞ்சிருக்கக் கூடாது. அவனுக்கு அன்னிக்குத்தான் முடியுது."

டுவெய்ன் சிரித்தான். "கோச், அவன் செப்டம்பர் பிள்ளை. ஊருக்கே தெரியும்."

"ரெண்டாம் தேதி பொறந்தாத்தான் செப்டம்பர் பிள்ளை. ஒண்ணாம் தேதிக்காரன் ஆகஸ்ட் கணக்குலதான் வருவான்."

இத்தனை வருஷமாக ஊரே அவனைச் செப்டம்பர் பிள்ளை என்று கூப்பிட்டது. ஒருவன்கூட விதியில் 'முன்னால்' என்றிருக்கிறதா, 'அன்றைக்கு' என்றிருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஆட்ட விதியில் அரைக்கால் அங்குலத்துக்குச் சண்டை போடுகிற ஊர்!

"நடுராத்திரி தாண்டி ஒரு நிமிஷம்கூட இருக்காது கோச்" என்றான் டுவெய்ன். "முந்தின நாளே பொறந்திருக்க வேண்டியவன்."

"முந்தின நாள் பொறந்திருந்தா மட்டும் வயசு கொறஞ்சிருமாய்யா?" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"மாநில விளையாட்டுச் சங்கத்துல பேசிட்டேன்" என்றார் கோச். "வேற எதுக்கு வேணா மனு போடலாமாம். வயசுக்குக் கிடையாது."

டுவெய்ன் மெதுவாகக் கேட்டான். "அப்ப, எட்டாவதைத் திரும்பப் படிக்க வைக்காம இருந்திருந்தா?"

கோச் தரையில் நின்ற கோப்பைகளைப் பார்த்தபடி சொன்னார். "போன வருஷமே கடைசி வருஷமா இருந்திருக்கும். வந்த மூணு காலேஜ்ல ஒண்ணு கூட்டிட்டுப் போயிருக்கும்."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்பது இதுதான். ஒரு வருஷத்தைக் கூட்டிவைக்கப் போய், இருந்த வருஷத்தைத் தொலைத்தோம். பையன் அதே வயதில், அதே பலத்தோடு, அதே ஆட்டத்தைத்தான் ஆடினான். பதினொன்றாம் வகுப்பு என்று பேர் இருந்ததால் வந்தவர்கள் காத்திருந்து பார்ப்போம் என்று போய்விட்டார்கள். மறுநாள் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒரு வருஷம் ஆடாதவனை எடுக்க முடியாது, மன்னிக்கணும் என்றார்கள், மூன்று பேருமே, ரொம்ப மரியாதையாக.

அன்று கோச் அறையிலிருந்து கிளம்பும்போது டுவெய்ன் கேட்டான். "அவன் எடத்துல யாரு கோச்?"

"பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருஷமா தயார் பண்ணிட்டிருக்கேன்." கோச் குரலில் கல்மிஷமே இல்லை. "யாரு இல்லேன்னாலும் ஆட்டம் நிக்கக் கூடாது, டுவெய்ன். அதானே நம்ம ஊரு?"

அதுதான் எங்கள் ஊர். அந்த மனுஷன் கெட்டவராக இருந்தாலாவது அடித்து ஆற்றிக்கொள்ளலாம். கிரேடி பயிற்சிக்கு வரலாம் என்று அவர் அனுமதித்தார். அவனும் போனான். தினமும் வெயிலில், முட்டிப் பழகுகிற திண்டைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் பத்தாவதுக்காரன் ஓடிவந்து முட்டுவதை வாங்கிக்கொண்டான். "தோளை இன்னும் கீழே கொண்டா, தம்பி" என்று சொல்லியும் கொடுத்தான். வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த லோரீன், "அண்ணே, வண்டியை எடு" என்றாள்.

முதல் வெள்ளிக்கிழமை கடைகளைச் சாத்திவிட்டு ஊரே மைதானத்துக்கு வந்தது. கிரேடி எங்களோடு படிக்கட்டில் உட்கார்ந்தான். அவனோடு முதன்முதலில் பள்ளியில் சேர்ந்த பையன்களில் சிலர் கல்லூரியிலிருந்து வந்திருந்தார்கள். ஒருவன் பெண்டாட்டியோடு வந்திருந்தான். "என்னடா கிரேடி, இன்னுமா பன்னெண்டாவது?" என்று ஒருவன் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். கிரேடி சிரித்தான். எனக்குத்தான் கேட்டவனைப் படியிலிருந்து உருட்டிவிடலாம் போலிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. பத்தாவதுக்காரன் நன்றாகவே முட்டினான். அவன் நின்ற இடத்தில் ஒரு ஓட்டை விழட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும். விழவில்லை. பாதி ஆட்டத்துக்குள்ளேயே எதிரணி துவண்டுவிட்டது. சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூடக் கிரேடி பேரைச் சொல்லவில்லை. சொல்ல அவசியம் வரவில்லை.

"அப்பா" என்றான் கிரேடி, மைதானத்தைப் பார்த்தபடியே.

"ம்?"

"எட்டாவதுல நான் பாஸ் பண்ணிட்டேன்தானே?"

டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "எல்லாப் பாடத்துலயும்ப்பா" என்றான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பையன்கள் மறுபடியும் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். ஊரே எழுந்து கத்தியது. நானும் எழுந்து கத்தினேன்.