இடது பின்கதவு

காரைத் துடைத்துக்கொண்டிருந்த கலைமணியின் கை இடது பின்கதவில் வந்ததும் நின்றது. மற்ற கதவுகளில் துணி வழுக்கிக்கொண்டு போனது. இதில் மட்டும் லேசாகப் பிடித்தது. சோப்பு நுரை காய்ந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். ஈரத் துணியை மடித்து இன்னொரு முறை தேய்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய், காலை வெயில் விழுகிற பக்கமாகக் குனிந்து பார்த்தாள். முன்கதவின் சிவப்பும் பின்கதவின் சிவப்பும் ஒன்றல்ல. சேலையும் அதற்குக் கடை கடையாகத் தேடி எடுத்த ரவிக்கைத் துணியும் போல, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற வித்தியாசம். கதவைத் திறந்தாள். ஓரத்துக் கறுப்பு ரப்பரில் பொடிப்பொடியாகச் சிவப்புத் தெறித்திருந்தது. கீலில் இருந்த போல்ட்டின் தலையில் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தது. கழற்றி, தட்டி நிமிர்த்தி, வண்ணம் அடித்து மாட்டிய கதவு.

வண்டி துடைப்பது அவள் வேலை இல்லை. அவள் விற்பனைப் பிரிவு. ஆனால் இது மணிவண்ணன் மாமாவின் கார். அம்மாவின் தம்பி, கொல்லிமலையின் நாடுகளில் ஒன்றான அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். அவர்கள் ஊருக்குள் ஏறப்போகிற முதல் கார் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் நாமக்கல்லுக்கு இறங்கி வந்து இந்த வேலையில் சேர்ந்தபோது, "பொட்டப்புள்ள கீழ போயி காரு விக்கறதா?" என்று வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சத்தம் போட்டவர். அதன்பின் அவளோடு பேச்சையே குறைத்துக்கொண்டவர். போன மாதம் அவரே போன் செய்து, "ஏங்கண்ணு, உங்க கடையில செவப்புல நல்ல வண்டியா ஒண்ணு பாரு. வாங்குனா உங்கிட்டத்தான் வாங்கோணும்" என்றார். அன்று கலைமணி ஹாஸ்டலில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

ஷோரூமின் பின்பக்கம் பெயிண்ட் வேலை செய்கிற பூபதியைத் தேடிப் போனாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்ரஸர் குழாயைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "லாரியிலருந்து இறக்கறப்ப தூணுல போயி அடிச்சிருச்சு. கதவு உள்ள போயிருச்சு. உனக்குச் சொல்லலையா?"

மாமாவுக்கு போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். திரும்பவும் போட்டாள். வாடகை வேனில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டிருப்பார்கள். இந்நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ இறங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே எவருக்கும் டவர் கிடைக்காது.

மேனேஜர் ஓம்பிரகாஷின் கண்ணாடி அறையிலிருந்து பைபாஸ் சாலை முழுக்கத் தெரியும். நாமக்கல் மாநகராட்சி ஆனபிறகு அந்தச் சாலையில் சோளக்காடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கட்டடங்களாகிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் வரிசையாக வேறு வேறு கம்பெனிகளின் ஷோரூம்கள், ஒவ்வொன்றின் முன்னும் காற்றில் அடித்துக்கொள்ளும் கொடிகள். கலைமணி அங்கே போய் நின்று, அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"சார், எங்க மாமாவுக்குப் போறது அடிபட்ட வண்டிங்களா?"

"அடிபட்டதுன்னு சொல்லாத. இறக்கும்போது உரசிருச்சு. கம்பெனி பெயிண்ட், நம்ம ஆளு. புதுசை விடப் புதுசா இருக்கு."

"அப்ப அத அவருகிட்டச் சொல்லியே குடுக்கலாமுங்க."

"சொன்னா எவன் எடுப்பான்?" ஓம்பிரகாஷ் சிரித்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது கேட்காமலேயே லீவு கொடுத்தவர். "டவுன்காரன் மீட்டர் வெச்சு பெயிண்ட் எத்தனை கனம்னு அளந்து பாப்பான். மலையிலருந்து வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது? அதுவும் உன் மாமா. நீ சிரிச்சுக்கிட்டே சாவியைக் குடுத்தா வாங்கிட்டுப் போயிட்டே இருப்பார். அதனாலதானே இதை உன் கஸ்டமருக்குப் போட்டேன்? வேற வண்டி வர ரெண்டு வாரம் ஆகும். நாளைக்கு மாசக் கடைசி, டார்கெட் முடிக்கணும். போ, போயி ரெடி பண்ணு."

அவள் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். மலையிலிருந்து யார் வந்தாலும் அவளிடம்தான் அனுப்புவார்கள். தன் பேச்சுக்கும் உழைப்புக்கும் கிடைத்த மரியாதை என்று அதை நினைத்திருந்தாள். தேவனூர் நாட்டு ஆசிரியர், மரவள்ளி வியாபாரி, மிளகு விற்ற காசில் வண்டி எடுத்த அண்ணன் தம்பிகள், எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் தன்னிடம் வாங்கியது என்ன, கடை தன்னை வைத்து அவர்களுக்கு விற்றது என்ன என்று இப்போது ஒவ்வொரு வண்டியாக நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வேன் வந்து நின்றது. மாமா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார். அவர் மனைவி பொன்னம்மாள் அத்தை பட்டுச்சேலை கட்டி, தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்த தட்டைப் பிடித்திருந்தாள். மீதிப் பணத்துக்கான பேங்க் டி.டி. அத்தையின் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. அதைக் கொடுத்தபிறகுதான் வண்டி மாமா பெயருக்குப் பதிவாக வேண்டும். பின்னாலேயே பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். "மாமா, ஒரு நிமிசம் இப்படி வாங்க" என்று கலைமணி அவர் கையைத் தொட்டாள். அதற்குள் ஓம்பிரகாஷ் அவர் தோளில் சால்வையைப் போர்த்தி, "வாங்க வாங்க, நல்ல நேரம் முடியறதுக்குள்ள பூஜையைப் போட்டுரலாம்" என்று அணைத்தபடியே உள்ளே கூட்டிப்போனார். மாமா திரும்பிப் பார்த்து அவளைக் காட்டி, "எங்க அக்கா மகதானுங்க இது" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு பெருமையை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

காரை வழவழப்பான துணியால் மூடி ரிப்பன் கட்டியிருந்தார்கள். பாட்டுப் போட்டார்கள். ஊழியர்கள் வரிசையாக நின்று கைதட்ட, துணி விலகியது. சொந்தக்காரர்களிடமிருந்து ஆவென்று ஒரு சத்தம் எழுந்தது. போட்டோவுக்காக, ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும், மாமா மறுபக்கம் பிடிக்க வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். மாமா கையை நீட்டினார்.

கலைமணி அட்டைச் சாவியைத் தரையில் சாய்த்து வைத்தாள்.

"மாமா, இந்த வண்டி வேண்டாமுங்க."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ போய் நிறுத்தினார்கள்.

"இந்தக் கதவு இடிபட்டுச் சரிபண்ணுனதுங்க. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். உங்களுக்கு போன் போட்டேன், கெடைக்கல." கதவைத் திறந்து ரப்பரின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

மாமாவின் முகம் இறுகியது. கதவைப் பார்க்கவில்லை. தன் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார், போன் கேமராக்களைப் பார்த்தார். "இத்தன பேரு முன்னால சொல்லோணுமா இத?" என்றார் மெல்ல. பிறகு உரக்க, "பரவால்ல. கதவுதான. ஊருல எல்லாருத்துக்கும் சொல்லியாச்சு, கோயில்ல பூசைக்குச் சொல்லியாச்சு. சாவியக் குடு கண்ணு."

"பாத்தியா கலைமணி, கஸ்டமரே ஓகேன்றார்" என்று ஓம்பிரகாஷ் முன்னே வந்தார். "சார், சீட் கவர், மேட், எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்."

நிஜச் சாவி அவள் சட்டைப் பையில் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேனுங்க மாமா. கதவு போனாப் போகுது. மலையிலருந்து வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு சொல்லித்தான் இத உங்களுக்கு எடுத்து வெச்சிருக்காங்க. எங்கிட்டயே சொன்னாங்க. அதத் தெரிஞ்சுக்கிட்டு என் கையால இதக் குடுத்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேல வாரது?"

மாமா ஓம்பிரகாஷைப் பார்த்தார். ஓம்பிரகாஷ் இல்லையென்று சொல்லியிருக்கலாம். அவர் வாய் திறந்தது, ஆனால் பார்வை கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போய்விட்டது. மாமா குந்தி உட்கார்ந்து இரண்டு கதவுகளையும் மாறி மாறித் தடவினார், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. எழுந்தபோது தோளில் இருந்த சால்வையை எடுத்துக் காரின் மேல் போட்டார்.

"கட்டுன அட்வான்ஸ அனுப்பி வைங்க" என்றார். ஓம்பிரகாஷ் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். மாமா காது கொடுக்கவில்லை. கலைமணி பக்கமும் திரும்பவில்லை.

அவள் சாவியையும் கழுத்தில் இருந்த அடையாள அட்டையையும் வரவேற்பு மேசையில் வைத்தாள். "யோசிச்சுக்கோ. இந்த பைபாஸ்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்" என்றார் ஓம்பிரகாஷ்.

"தெரியட்டுங்க சார். நானே சொல்றேன்."

வெளியே வேன் கிளம்பத் தயாராக நின்றது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாமா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, "ஏறு. ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"நான் வரலீங்க மாமா. எதிர்க்க போறேன்." சாலைக்கு அந்தப் பக்கம் கொடிகள் அடித்துக்கொண்டிருந்த ஷோரூமைக் காட்டினாள்.

"எதிர்க்க என்ன?"

"வேலை கேக்கப் போறேன்."

"இந்தச் சண்ட போட்டுட்டு வந்து, இப்பவேவா?"

"எனக்கு வண்டி விக்கத்தான் தெரியும். எதுக்கு உட்டுட்டுப் போகோணும்?"

பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். பைபாஸில் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. ஓரத்தில் நின்று இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தபோது, வேனின் கதவு திறக்கிற சத்தமும் பின்னால் வளையல் சத்தமும் கேட்டன.

"இரு சாமி, நாங்களும் வாரோம்" என்றாள் பொன்னம்மாள் அத்தை, மூச்சு வாங்க. "காரு வாங்கன்னு பட்டுக் கட்டிக்கிட்டு இறங்கியிருக்கறோம். பாக்காமக்கூடப் போவமா? அந்தக் கடையில நீயே தொட்டுப் பாத்துச் சொல்லு."

கலைமணி திரும்பிப் பார்த்தாள். அத்தைக்குப் பின்னால் சித்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா. எல்லோருக்கும் கடைசியாக, யாரோடும் பேசாமல், மாமா. வெயிலில் பட்டுச்சேலைகள் மின்னின. மலையில் ஓடை தாண்டும்போது செய்வதுபோல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தூரத்தில் ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்தபடி வேகமாக வந்துகொண்டிருந்தது. பொன்னம்மாள் அத்தை அதைப் பார்த்தாள். பிறகு வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை லாரிக்குக் காட்டி, சாலையில் காலை வைத்தாள்.