கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. நாரின் நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிச் சுவரில் மூத்த ஆசிரியை புருல்ச்சா அக்காவின் வாக்கியங்களைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசு.’ ‘தப்பான விடையை அழிக்கும் முன், அது எப்படி வந்தது என்று கேள்.’ அவரிடம் பயிலும் மைரம்குல்லுக்கு எல்லாம் மனப்பாடம்.

முதலில் இப்படி எழுதினேன்: “மலையில் முதல் பனி விழுந்த அந்தக் காலையில் மைரம்குல்…”

வேண்டாம். பனிக்கு இதில் வேலை இல்லை.

2

நாளை மைரம்குல் நடத்தும் திறந்த வகுப்பு. அதிகாரிகள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் சான்றிதழ். இல்லையென்றால் இன்னொரு வருடம் பயிற்சி. நான்காம் வகுப்பில் ஒத்திகை தொடங்கும் முன் புருல்ச்சா அவளை ஓரமாக அழைத்தார்.

“அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு பெரிசாத்த இப்பவே வீட்டுக்கு அனுப்பிடு. நாளைக்கும் வர வேணாம்னு சொல்லு.”

“ஏங்க்கா?”

“மலை மேய்ச்சல்லேருந்து இப்பத்தான் குடும்பத்தோட இறங்கி வந்திருக்கா. பின்னம்னா ஏதோ ஆட்டுக்குட்டி பேருன்னு நெனைக்கிறா.”

“கடைசி பெஞ்சுக்குக் கேக்குற மாதிரி பேசுன்னு நீங்கதானே சொன்னீங்க? பெஞ்சு காலியா இருந்தா யாருக்குப் பேசுறது?”

“அது சுவத்துக்குச் சொன்னது, கண்ணு. இது உன் சர்டிபிகேட்டுக்குச் சொல்றது.”

மைரம்குல் போய்ச் சொன்னாள். பெரிசாத் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒத்திகை நடந்தது. எந்தக் கேள்விக்கும் எல்லோரும் கை தூக்க வேண்டும்: விடை தெரிந்தால் வலது, தெரியாவிட்டால் இடது. வலது கைகளை மட்டும் கூப்பிடுவது என்று ஏற்பாடு.

(அதிகாரிகளும் ஒரு காலத்தில் ஆசிரியர்கள்தான். எந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியும். என் கோபத்தில் பாதி இங்கே.)

3

புருல்ச்சாவை முதலில் கொடுமைக்காரியாக எழுதி, பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். மைரம்குல் காய்ச்சலில் கிடந்தபோது ஆட்டுச்சாறு காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டியவர் அவர். அதனால்தான் கோபம் கூடுகிறது. கெட்டவர் வாய்ச்சொல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம். நல்லவர் சொல்லிவிட்டுக் கைவிட்டதை என்ன செய்வது?

4

ஒரு முடிவு: மைரம்குல் சொன்னபடி கேட்கிறாள். சான்றிதழை நீட்டுகிறார்கள். அதை வாங்கும்போது அவள்…

என்னால் இதை எழுத முடியவில்லை.

ஆகவே, மறுநாள் காலை அவள் பெரிசாத் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“என்னய வர வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க, அக்கா?”

“சொன்னேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். பையை எடு.”

வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்தார்கள். வலது, இடது பற்றி மட்டும் மைரம்குல் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

5

பாதியையும் கால் பாகத்தையும் கரும்பலகையில் எழுதி, கூட்டச் சொல்லியிருக்கிறாள் மைரம்குல். வகுப்பு முழுவதும் கைகள், வலதும் இடதுமாக. கடைசி பெஞ்சில் பெரிசாத்தும் கை தூக்குகிறாள். வலது. அந்த அறையில் ஒத்திகை பார்க்காத கை அது ஒன்றுதான்.

அதிகாரிகளுக்குப் பக்கத்தில் இருந்து புருல்ச்சா மெல்லத் தலையை ஆட்டுகிறார்: வேண்டாம்.

மைரம்குல் வாயைத் திறக்கிறாள். யார் பெயரைச் சொல்வது என்பதை உங்களிடம் விடுகிறேன். பெரிசாத்துக்கு விடை தெரியுமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அவளைக் கூப்பிடுவேன் என்று நீங்கள் சொன்னால், நீங்களும் நேற்று அந்த ஒத்திகையில் இருந்தவர்தான்.