குட்டையில் பிடித்த காற்று

எங்கள் லங்காஷயர் ஊரில் எனோக் பாஸ் வாத்தியார்மேல் சந்தேகம் வந்ததற்கு அவரேதான் காரணம். குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்து ஆள். நீதிபதியே எதிரே வந்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டார். யாரையும் 'நீ' என்றுதான் பேசுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் பியர்க்கடை அமோஸ் கெர்ஷாவின் கொல்லைக் குட்டையில் இறங்கி, சேற்றைக் கழியால் கிளறி, எழும்பும் குமிழிகளைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போகிறவரை என்னவென்று நினைப்பது?

அந்த வாரமே அமோஸின் பியர் சப்பென்றாகிவிட்டது. திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் விற்காவிட்டால் அவன் கடையை மூட வேண்டியதுதான். வாத்தியாரைக் கடைக்குள்ளேயே மடக்கினான்.

“யோவ் வாத்தி, புட்டில என்னய்யா?”

“காத்து. கரித்துகள் ஒண்ணுக்கு லேசான வாயுத்துகள் ரெண்டு. எங்க பிடிச்சாலும் ரெண்டுதான், ஒண்ணரை கிடையாது.”

“நம்ம அமோஸ் ஊத்துற அளவு மாதிரி இல்ல போல,” என்றான் கொல்லன் ஜேபஸ்.

“நீ வாய மூடுடா. வெறும் காத்துதான்னு பைபிள்மேல சத்தியம் பண்ணுய்யா!”

“பண்ணமாட்டேன். எனக்கு ஆமான்னா ஆமாதான்.”

குவேக்கர்கள் எதற்கும் சத்தியம் செய்யமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் அன்று அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலவே பட்டது. அவரைக் குட்டையில் தள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

அவர் பதற்றப்படாமல் புட்டியைத் திறந்து மெழுகுவர்த்தியைக் காட்டினார். குப்பென்று நீலமாக எரிந்தது.

அமோஸ் துள்ளினான். “பாத்தீங்களா! என் பியரோட வீரியம்! அத்தனையும் உறிஞ்சிட்டான்!”

ஜேபஸ் தன் குவளையை மெதுவாகக் கீழே வைத்தான்.

“ஏன் அமோஸு, வாத்து முங்குற குட்டைக்கும் உன் பியருக்கும் என்னடா சம்பந்தம்?”

அமோஸ் பைபிளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “கிணத்துத் தண்ணிதான்டா! கர்த்தர்மேல ஆணை! எங்கம்மாமேல ஆணை!”

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தோம்.

“தினமும் காலைல குட்டைலதான் மொள்ளுறான்,” என்றார் அவர். “நான் கிளறிவிட்டதும் கலங்கிப்போச்சு. அது என் தப்புதான்.”

அப்புறம் அமோஸ் செய்த சத்தியம் ஒன்றையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருவிழாவில் அவன் கடைக்கு ஒருவரும் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் எரிகிற பியர் என்ற செய்தி பக்கத்து ஊர்களுக்கும் பரவியதில், ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு வந்து நின்றார்கள். பீப்பாய் எல்லாம் காலி. யாருடைய குவளையும் பற்றவில்லை. மெழுகுவர்த்தியோடு குவளைமேல் குனிந்த என் முகம்தான் பற்றியது. இடது புருவம் இன்னும் முளைக்கவில்லை.