பல் டாக்டரம்மாவும் மாப்பிள்ளையும்

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், ஏதாவது உடற்பயிற்சி செய்தே ஆகவேண்டும் என்று பல் டாக்டரம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். நடப்பதென்றால் டாக்டரம்மாவுக்கு வேப்பங்காய். நடக்கிற வேலையை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் தேவலை என்று யோசித்து, நாற்பதைத் தாண்டிய வயதில் குதிரையேற்றப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த குதிரைக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். சாப்பிடவும் கெஞ்ச வேண்டும், லாயத்தை விட்டு வெளியே வரவும் கெஞ்ச வேண்டும். வந்த பிறகும் யாருக்கும் முகம் கொடுக்காது.

டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். வலிக்கிறதா என்று கேட்பார், பையனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார். இரண்டுக்கும் "ஆ" என்றுதான் பதில் வரும். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். குதிரை முதுகிலும் அதே கதைதான். "போகலாமா கண்ணு? போ. மெதுவா. அங்கே இல்ல, இங்கே. ஏன் நிக்கிற? சரி, நில்லு. போயேன்" என்று வாய் ஓயவில்லை. மாப்பிள்ளை மைதானத்தின் நடுவில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. மாதம்தான் ஓடியது, குதிரை ஓடவில்லை.

ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்த கணவர் இதைக் கைபேசியில் படம் பிடித்தார். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து இருவரும் பார்த்தார்கள். திரையில் இருந்த அம்மாள் குதிகாலால் குதிரையை உதைத்தாள். அதே நொடியில், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோலக் கடிவாளத்தைப் பின்னால் இழுத்தாள். குதிரை காதுகளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி விழித்தது.

"காலு போங்குது, கை போகாதேங்குது. அது என்னதான் பண்ணும், பாவம்," என்றார் கணவர். பிறகு, "பழகிட்டா ஒண்ணும் தெரியாது. நான் பழகிட்டேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா கைபேசியைப் பிடுங்கி, படத்தைத் தன்னுடையதுக்கு அனுப்பிக்கொண்டார்.

மறுநாள் டாக்டரம்மா படத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினார். அவள் டாக்டரம்மாவுக்கு மகள் வயதுப் பெண். தொடக்கத்திலிருந்தே இதைத்தான் கத்திக்கொண்டிருந்ததாகவும், டாக்டரம்மா பேச்சை நிறுத்தாததால் காதில் விழவில்லை போலும் என்றும் பணிவாகச் சொன்னாள். இனி ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். குதிரை கேட்டதைச் செய்ததும் காலையும் கையையும் தளர்த்திவிட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் செய்தால் போதும். வாய்க்கு வேலையே இல்லை.

அதுதான் கொடுமையாக இருந்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு காலால் மெல்ல அழுத்தினார். காத்திருந்தார். இந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல மாப்பிள்ளையின் ஒரு காது பின்னால் திரும்பியது. பிறகு ஓரடி எடுத்து வைத்தது. டாக்டரம்மா காலைத் தளர்த்தினார். இன்னோர் அடி.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. குதிரை நின்றதும் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக் கொஞ்சித் தீர்த்தார். அங்கேதான் வந்தது வினை. சில நாளில் மாப்பிள்ளை நாலடி நடப்பதும், நின்று கழுத்தை நீட்டிக் கூலி கேட்பதுமாக ஆகிவிட்டது.

"நடந்ததுக்குக் கொஞ்சுங்க டாக்டர், நின்னதுக்குக் கொஞ்சாதீங்க," என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டாள். நடக்கிற குதிரையைக் குனிந்து தட்டிக்கொடுக்கக் கற்பதற்குள் டாக்டரம்மா ஒரு தடவை நிஜமாகவே மண்ணைக் கவ்வினார்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கிற இந்தப் பழக்கம் கிளினிக்கிலும் தொற்றிக்கொண்டது. நெடுநாளாக வரும் தபால்காரர் ஒருநாள் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தார். மரத்துப்போகிற ஊசியை எடுத்த டாக்டரம்மாவின் கண்ணில், தபால்காரரின் கால் கட்டைவிரல் சுருண்டுகொள்வது பட்டது. நோயாளிகளின் கால் பக்கம் டாக்டரம்மா பார்த்ததே கிடையாது. ஊசியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க," என்றுவிட்டுக் காத்திருந்தார்.

தபால்காரரால் நம்ப முடியவில்லை. வாயை ஒருமுறை மூடித் திறந்தார். "வலிக்கிறது இந்தப் பக்கம் இல்லீங்க, அந்தப் பக்கம். போன தடவையும் அதைத்தான் சொன்னேன். உங்களுக்கு ஆன்னு கேட்டிருக்கும்."

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டு, மறுபக்கம் வந்து உட்கார்ந்து வேலையை முடித்தார். வாய் கொப்பளிக்கும்வரை பொறுத்திருந்து, பையனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தார். தபால்காரருக்குப் பையனே இல்லை, இரண்டும் பெண்கள்.

அதற்கடுத்த வாரம், மழை விட்ட ஒரு காலையில், டாக்டரம்மா மாப்பிள்ளையைக் காலால் ஒருமுறை அழுத்தினார். அது நடந்தது. இன்னொருமுறை அழுத்தினார். ஓடவே ஆரம்பித்துவிட்டது. மைதானம் கிடுகிடுவெனச் சுழன்றது. மறுபடி வேடிக்கை பார்க்க வந்திருந்த கணவரின் முகம் வேலியோரம் வந்துவந்து போயிற்று. அப்போதுதான் டாக்டரம்மாவுக்கு உறைத்தது: நிற்கச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இதுவரை வந்ததே இல்லை.

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நிதானமாக விட்டு, கடிவாளத்தில் விரல்களை ஒருமுறை இறுக்கினார். அரைச் சுற்று போனபின் மாப்பிள்ளை நடைக்கு இறங்கி, நின்றது. விரல்களைத் தளர்த்தினார்.

மெதுவாக இறங்கினார். சேணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தனக்குத்தானே சிரித்தார். பிறகு குதிரையை லாயத்துக்கு அவரே நடத்திக்கொண்டு போனார்.