பத்து நிமிஷம் முந்திய வாட்ச்

கல்யாணராமன் வாட்ச் கட்டுவதில்லை. மிருதங்கம் வாசிக்கிறவன் மணிக்கட்டில் பட்டை இருந்தால் விரல் ஓடாது என்று காரணம் சொல்வார். எந்த வாட்சையும் அவர் நம்புவதில்லை என்பதுதான் விஷயம். கிண்டியில் ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவரிடம் மணி கேட்பார். அவர் நகர்ந்ததும் அடுத்து நிற்பவரிடம் இன்னொரு தரம் கேட்பார். இரண்டு பேரும் ஒரே மணியைச் சொல்லிவிட்டால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

வயலின் வாசிக்கும் அனிருத்துக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு வாட்ச் வாங்கி வந்திருந்தார். அது கணக்குப் போடும், டெலிபோன் நம்பர் வைத்துக்கொள்ளும், மணிக்கு ஒரு தரம் பீப் என்று கத்தும். அதுதான் தன் தாளக் கணக்குகளை, கோர்வைகளையெல்லாம் பதிவு செய்கிறது என்று கல்யாணராமன் முடிவு கட்டிவிட்டார். அனிருத் மேடையில் இருந்தால் புதுக் கணக்கு எதையும் எடுத்து விடமாட்டார். அவன் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வாட்சைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மைக் எந்தப் பக்கம் வைத்திருக்கிறான் என்று மட்டும் கேட்டார்.

அப்படிப்பட்டவர், அந்தத் தொண்ணூற்று நாலாம் வருஷ மார்கழி சீசனில், நீரஜாவின் வாட்சைப் பார்த்தது அவருடைய போதாத காலம்.

நீரஜா பாடகி. அடையாறில் இருப்பவள், முப்பது வயதுக்குள் நல்ல பேர். மேடையில் உட்கார்ந்ததும் மற்றப் பாடகர்களைப் போலவே வாட்சைக் கழற்றித் தன் முன்னால் ஜமக்காளத்தில் வைத்துக்கொள்வாள். சின்ன முகம் வைத்த, சாவி கொடுக்கிற பழைய வாட்ச். கச்சேரியின் பெரிய உருப்படி முடிந்ததும் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஒரு நேரம் உண்டு. தனி என்பார்கள். அந்த நேரத்தில்தான் சபையில் பாதிப் பேர் காண்டீனுக்குக் காபி குடிக்கப் போவார்கள். என்றாலும் மிருதங்கக்காரருக்குக் கச்சேரி என்பது அதுதான். அது எப்போது தொடங்கும், எவ்வளவு நீளும் என்பதையெல்லாம் அந்தச் சின்ன முகம்தான் தீர்மானிக்கும்.

தி.நகர்க் கச்சேரியில் தனி வாசித்துக்கொண்டிருந்தபோது நீரஜா வாட்சைப் பார்த்து, முடித்துக்கொள்ளலாம் என்று தலையசைத்தாள். அவருக்கு இன்னும் கை சூடாகவே இல்லை. மங்களம் பாடி, சால்வை போட்டு, எல்லோரும் சாவகாசமாக எழுந்த பிறகும் அடுத்த கச்சேரிக்கு நேரம் கிடந்தது. ஹால் கடிகாரத்தையும் நீரஜாவின் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். வழக்கம்போல வெளியில் வந்து இரண்டு பேரிடம் மணி கேட்டார். சந்தேகமே இல்லை, வாட்ச் பத்து நிமிஷம் முந்திப் போகிறது.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷம் தன்னுடைய தனியிலிருந்து அறுத்து எடுத்தது. பாட்டுக்குக் கைதட்டல் விழுந்த சூட்டோடு திரையை இறக்கிவிட வேண்டும், நடுவில் மிருதங்கக்காரன் பேர் வாங்கிவிடக் கூடாது என்றுதான் இந்தப் பெண் இதைச் செய்கிறாள். மாமா மாமா என்று கூப்பிடுவதெல்லாம் சும்மா. அவளையே கேட்டுவிடலாமே என்று மனைவி சொன்னாள். கேட்டால் பதில் தயார் பண்ணிக்கொள்வாள் என்று அவர் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டார்.

வேறு ஒரு சமயமாக இருந்தால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் மயிலாப்பூரில் அடுத்த வாரம் நடக்கும் கச்சேரிக்கு கணேசமூர்த்தி வருவதாகச் சொல்லியிருந்தார். பெரிய சபா ஒன்றின் காரியதரிசி. இருபது வருஷமாக மத்தியானக் கச்சேரியிலேயே காலம் தள்ளுகிற கல்யாணராமனை அடுத்த சீசனில் சாயங்காலக் கச்சேரிகளுக்குப் போடலாமா என்று பார்க்க வருகிறார். தனியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்குகிறவருக்கு இன்னொரு தரம் இந்த வாய்ப்பு வராது.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கல்யாணராமன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடது பக்கத்தில் நாதம் கனக்க அப்பிக்கொண்டிருந்தார். நீரஜா வாட்சைக் கழற்றித் தம்பூராவின் உறைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அனிருத் வெளியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். கல்யாணராமன் எழுந்து போய், வாட்சின் திருகை நகத்தால் இழுத்து, முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். திருட்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. திருடியதைத் திருப்பி எடுத்ததாகவே நினைத்தார்.

நீரஜா அன்றைக்குத் தோடி பாடினாள். நன்றாகவே பாடினாள் என்பதை அவர்கூட ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கணேசமூர்த்தி வந்து இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த ஹாலில் கடிகாரம் மேடைக்கு நேர் மேலே மாட்டியிருந்ததால் கேட்க வந்தவர்களுக்குத்தான் தெரியும், மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நீரஜா ஸ்வரம் பாடி முடிக்கிற மாதிரி வந்து, வாட்சைப் பார்த்து, முகம் மலர்ந்து இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினாள். அதையும் முடித்து மறுபடி பார்த்தாள். மறுபடி கிளம்பினாள். கல்யாணராமன் முதலில் பெருமையாகத்தான் வாசித்தார். மூன்றாவது சுற்றில்தான், தான் மீட்டு வைத்த நேரத்தை அவள் பாட்டுக்கே செலவழிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

மேடையின் பக்கவாட்டில் சபா ஆள் வந்து நின்று தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அவருக்குப் பின்னால் அடுத்த கச்சேரிக்காரர் உறை போட்ட தம்பூராவோடு தயாராக நின்றார். நீரஜா திகைத்துப்போய் வாட்சை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு கல்யாணராமன் பக்கம் குனிந்தாள்.

"மாமா, ஒரு சின்ன மோராவோட முடிச்சுடுங்கோ. நேரமில்லையாம்."

இரண்டு ஆவர்த்தனம், இரண்டே தாளச் சுற்று, வாசித்தார். அதற்குப் பெயர் தனி என்றால் தும்மலுக்கும் தனி என்று பெயர் வைக்கலாம். நிமிர்ந்து பார்த்தபோது கணேசமூர்த்தி தன் கையில் மணி பார்த்தபடி எழுந்து போய்க்கொண்டிருந்தார். காண்டீனுக்குப் போகவில்லை. செருப்பு விட்ட பக்கம் போனார்.

உள்ளே வந்ததும் நீரஜா அழுதுவிட்டாள். அனிருத் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான். கல்யாணராமன் மிருதங்கத்துக்கு உறை போடத் தெரியாதவர் போல நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"பாட உக்காந்தா எனக்கு நிறுத்தத் தெரியாது மாமா," என்றாள். "எப்பவும் பத்து நிமிஷம் இழுத்துடுவேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரியவரோட தனியே அதுல போயிடுத்து. அவர் ஒரு வார்த்தை சொல்லலை, ஆனா அப்பறம் எனக்கு வாசிக்கவும் இல்லை. அன்னிலேர்ந்து வாட்சைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சுண்டிருக்கேன். அந்தப் பத்து நிமிஷம் மிருதங்கத்துக்குன்னு வெச்சது. தி.நகர்ல அதை மறந்து, முள்ளைப் பார்த்து உங்களைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லிட்டேன். இன்னிக்கு உங்களோடதைச் சாப்பிட்டுட்டேன்."

கல்யாணராமன், தான் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறப்பதற்குள் நீரஜா வாட்சை வெளிச்சத்தில் பிடித்துத் திருகின் பக்கம் உற்றுப் பார்த்தாள். அங்கே வெள்ளையாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். அது என்ன என்று தெரிந்துகொள்ள அவளுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேடையில் ரவை தொடுகிற கை ஒன்றுதான்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"கீழ விழுந்திருந்துதா மாமா? நீங்கதான் எடுத்து வெச்சேளா?"

"ஆமாம்மா," என்றார் கல்யாணராமன்.

"அதான். விழுந்ததுல கொஞ்சம் பின்னாடி போயிருக்கும்."

முந்தானையால் ரவையைத் துடைத்துவிட்டு வாட்சை அவரிடம் நீட்டினாள். நாளைக்கு அடையாறில் கச்சேரி இருக்கிறது, நீங்கள்தான் மிருதங்கம் என்று ஞாபகப்படுத்தினாள். அந்தத் திருகை இழுத்தால் தன் நகம் உடைந்துவிடும், பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

கல்யாணராமன் வாங்கிக்கொண்டார். நக இடுக்கில் இன்னும் ரவை இருந்தது. அதில் திருகு இரண்டு தரம் வழுக்கியது. ஒருவழியாக முள்ளைத் தள்ளிக் கொடுத்தார்.

எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்று நீரஜா பார்க்கவில்லை. வாங்கி அப்படியே கையில் கட்டிக்கொண்டு தம்பூராவைத் தூக்கினாள்.