வெளியே தெரியாத அளவு

சென்னையில் அந்தத் துப்பாக்கிக் கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. கோவிந்தராஜையும் அவர் மகன் நரேஷையும் இறக்கிவிட்டு, பச்சைமுத்து இரண்டு தெரு தள்ளி நிறுத்தினான். நடந்து வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. உள்ளேயிருந்து கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் பெல்லை அழுத்திவிட்டு வெயிலில் கால் மாற்றி நின்றான். மறுபடி அழுத்தினான். கோவிந்தராஜ் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னபிறகுதான் பூட்டு திறந்தது.

"நம்ம டிரைவருதாங்க," என்று கோவிந்தராஜ் இன்னொரு தடவையும் சொன்னார். "வா பச்சை. நீதான் பாத்துச் சொல்லணும்."

கண்ணாடி மேசைமேல் கறுப்பு வெல்வெட்டில் மூன்று ரிவால்வர்கள் கிடந்தன. கோவிந்தராஜ் அவற்றைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். செஞ்சி கடைத்தெருவில் அவருடையது மளிகை மொத்த வியாபாரம். மேல்மலையனூர் வரைக்கும் சின்னக் கடைகளுக்குச் சரக்குப் போட்டு, வாரா வாரம் காரில் போய் வசூல் செய்வார். எப்போதும் வேட்டிதான். இன்றைக்குத்தான் பேண்ட் போட்டிருந்தார். அது புதுசு, நடக்கும்போது சரசரத்தது.

"தினமும் இடுப்புல வெச்சுக்கப் போறீங்களா, இல்ல கடை பீரோவுலயா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தினமும். வண்டியில போறப்போ, வர்றப்போ."

"அப்ப கனத்தையும் நீளத்தையும்தான் மொதல்ல பாக்கணும் சார். நீளக் குழல்னா குறி நல்லா இருக்கும். ஆனா உக்காந்தா தொடையில குத்தும். அப்புறம் ஒரு வாரத்துல கழட்டி பீரோவுல வெச்சிடுவீங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

நடுவில் கிடந்ததை எடுத்து, உருளையை வெளியே தள்ளி, ஆறு துளைகளும் காலி என்று காட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தார். கோவிந்தராஜ் அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல மேலும் கீழும் ஆட்டினார். பருப்புப் பொட்டலத்தை எடை பார்ப்பதும் அப்படித்தான்.

"முக்கா கிலோ வரும்."

"கிட்டத்தட்ட சார்."

"நைனா, இதுக்குப் பதிலா பிஸ்டல் எடுக்கலாம். தட்டையா இருக்கும். குண்டும் அதிகம்," என்றான் நரேஷ். வழியெல்லாம் செல்போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். இப்போது மேசைமேல் கை நீட்டினான்.

"தம்பி, லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குதோ அவரு மட்டும்தான் தொடலாம்," என்று கடைக்காரர் வெல்வெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பழக்கம் இல்லாதவங்களுக்கு ரிவால்வர்தான் சார் நல்லது. சிக்காது. தூசி பட்டாலும் வேலை செய்யும்."

பிறகு சிறியது ஒன்றைக் காட்டினார். குழல் விரல் நீளம்தான் இருந்தது. பின்பக்கக் கொக்கி சட்டையில் மாட்டாதபடி மழுங்கலாக இருந்தது. இடுப்புக்குள் செருகும் தோல் உறையில் அதை வைத்துக் கோவிந்தராஜின் வலது பக்கம் மாட்டி, சட்டையை வெளியே இழுத்து விட்டார்.

"பச்சை, தெரியுதா பாரு."

பச்சைமுத்து முன்னால் நின்று பார்த்தான். சுற்றிப் போய்ப் பின்னால் பார்த்தான். "நின்னா தெரியல மொதலாளி. குனிங்க."

கோவிந்தராஜ் குனிந்தார். சட்டை இறுகி ஒரு முடிச்சு புடைத்தது.

"குனிஞ்சா தெரியுது."

"ஒரு சைஸ் பெரிய சட்டை போட்டா சரியாயிடும். வெளிய தெரியவே கூடாது சார். கடைத்தெருவுல காட்டிக்கிட்டுத் திரிஞ்சா லைசென்ஸே போயிடும்," என்ற கடைக்காரர், சாவகாசமாக, "சார் மாதிரி வியாபாரிங்களுக்கு லைசென்ஸ் கெடைக்கிறதே கஷ்டம். எப்படிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"வழிப்பறி. பச்சை, கையைக் காட்டு."

பச்சைமுத்து இடது கையை மேசைமேல் நீட்டினான். ஸ்டேஷனில் நீட்டியிருக்கிறான். தாலுக்கா ஆபீசில், விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீசில், எல்லா இடத்திலும் நீட்டியாகிவிட்டது. யாராவது கேட்பதற்கு முன்பே கை தானாக மேசைக்குப் போய்விடும். உள்ளங்கை நடுவில் குறுக்காக ஒரு தழும்பு ஓடியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விறைத்து நீண்டிருந்தன.

"மடக்கு," என்றார் கோவிந்தராஜ்.

மற்ற விரல்கள் மடங்கின. அந்த இரண்டும் அசையவில்லை.

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். கோவிந்தராஜ் சின்ன ரிவால்வரை வாங்கிச் சுவரைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தார். முதல் தடவை விரல் வழுக்கியது. இரண்டாவது தடவை 'டிக்' என்றது. "இதையே போடுங்க," என்றார்.

மாசி மாதம் நடந்தது அது. மேல்மலையனூர் அமாவாசைக்கு மறுநாள் வசூல் முடித்துத் திரும்பும்போது, வளத்தியைத் தாண்டி ஒரு திருப்பத்தில் பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கோவிந்தராஜின் பக்கத்துக் கண்ணாடியை உடைத்தான். அவர் இருக்கையிலேயே சுருண்டுகொண்டார். மற்றவன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வசூல் பணப் பையை இழுத்தான். பச்சைமுத்து பையின் வாரை இடது கையில் சுற்றிக்கொண்டு விடவில்லை. அரிவாள் வாரையும் சேர்த்து உள்ளங்கையில் இறங்கியது. அதற்குள் பின்னால் ஒரு ஸ்பெஷல் பஸ் வந்துவிட்டது. பை தப்பியது. அவர்கள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

செஞ்சி ஆஸ்பத்திரியில் தோலை மட்டும் தைத்து, உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, உடனே புதுச்சேரிக்குப் போய் அதைச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் மனைவி மீனம்பாள் செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மறுநாளே கிளம்பலாம் என்றாள். மறுநாள் காலை கோவிந்தராஜ் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பச்சை, துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போடப் போறேன். விசாரணைக்கு வர்ற ஆபீசர் காயத்தை நேர்ல பாக்கணுமாம். ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டுட்டா இன்னா தெரியும் அவருக்கு? ஒரு வாரம் பொறு. நானே வண்டி வெச்சு அனுப்பறேன்."

ஒரு வாரம் இரண்டு விசாரணையாகி, சித்திரையில்தான் முடிந்தது. வண்டி வைத்துத்தான் அனுப்பினார். புதுச்சேரி டாக்டர் விரலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எங்கய்யா இருந்தீங்க?" என்று கேட்டார். நரம்பு சுருங்கி மேலே ஏறிவிட்டது. இனி வேறு இடத்திலிருந்து நரம்பு எடுத்து வைக்க வேண்டும். இரண்டு ஆபரேஷன், இடையில் பல மாதம் ஓய்வு. அப்படியும் முழுசாக மடங்கும் என்று சொல்ல முடியாது என்றார். அந்த ஓய்வைத்தான் பச்சைமுத்துவால் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கேட்க நினைப்பான். கார் சாவியை வாங்கும்போது வாய் வேறு எதையோ பேசிவிடும்.

சென்னையிலிருந்து திரும்பும்போது கோவிந்தராஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கண் பக்கத்துக் கண்ணாடியிலேயே இருந்தது. பைக் எதுவும் நெருங்கி வந்தால் கால் தானாகத் தரையில் அழுந்தும். மாசிக்குப் பிறகு அவர் இப்படித்தான். ராத்திரியில் எழுந்து கேட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்று அவர் மனைவி மனோரமா சொல்லியிருக்கிறாள். பச்சைமுத்து கியரை விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளி மாற்றினான். இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் மட்டும் கட்டைவிரலைக் கொக்கி மாதிரி போட்டு இழுக்க வேண்டும்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நரேஷ் போன் பேச ஒதுங்கிப் போனான். பச்சைமுத்து டம்ளரை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"மொதலாளி, கை ஆபரேஷன் விஷயம். ஆஸ்பத்திரியில தேதி குடுக்கறோம்னு சொல்றாங்க. கொஞ்ச மாசம் வேலைக்கு வர முடியாது. அதுவரைக்கும் என் எடத்தை அப்படியே வெச்சிருந்தீங்கன்னா…"

"நான் மறந்துடுவனா பச்சை? நீ இல்லன்னா அன்னிக்கு நான் இல்ல." கோவிந்தராஜ் அவன் தோளில் கை வைத்தார். "தீபாவளி சரக்கு எறங்குற நேரம். அது முடியட்டும். நானே கூட வரேன்."

"சரிங்க மொதலாளி."

தீவனூரை நெருங்கும்போது ஒரு பைக் பக்கவாட்டில் வந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டி நீட்டி ஏதோ கத்தினான். கோவிந்தராஜ் பெட்டியைத் திறக்கப் பார்த்தார். மூடி நழுவியது. "போ, போ, வண்டியை எடு," என்றார். பச்சைமுத்து வேகத்துக்காகக் கியரைக் குறைக்கப் போனான். கட்டைவிரல் வழுக்கியது. வண்டி உதறி, குலுங்கி, நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தபடி, உரசாத குறையாக விலகிப் போனது.

பைக்கில் பின்னால் இருந்தவன் சன்னல் பக்கம் வந்து குனிந்தான். காலேஜ் பையன். "பின் கதவு சரியா மூடலண்ணா. சொல்லலாம்னுதான்," என்றான்.

நரேஷ் கதவைத் திறந்து அறைந்து சாத்தினான். பிறகு இறங்கி முன்னால் வந்தான். "எறங்கு. நீ பின்னாடி உக்காரு."

செஞ்சி வரை நரேஷ்தான் ஓட்டினான். கோவிந்தராஜ் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் பச்சைமுத்துவுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை மீனம்பாள் அடுப்பில் இருந்தபடியே கேட்டாள். "கேட்டீங்களா?"

"கேட்டன். தீபாவளி போவட்டும்னாரு."

"எந்தத் தீபாவளி?"

அவன் வாசலுக்குப் போய் நின்றான். உள்ளே வந்தான். மறுபடி வாசலுக்குப் போனான்.

மறுநாள் கடையில் கோவிந்தராஜ் அவனை உட்காரச் சொன்னார். வழக்கமாக அவர் உட்காரச் சொல்வதில்லை.

"நீ கஷ்டப்படறத நேத்து பாத்தன் பச்சை. இந்தக் கையோட உன்னை வண்டி ஓட்ட விடறது பாவம். நரேஷ் ஓட்டிக்கறான். கூட ஆளும் தேவையில்ல இனிமே." சொல்லும்போது கை தன்னையறியாமல் வலது இடுப்புக்குப் போய்த் திரும்பியது. "உன்னை விட மாட்டன். குடோன்ல வாட்ச்மேனா உக்காரு. ராத்திரி ஒரு ஆள் வேணும் அங்க. சம்பளம் மட்டும் அந்த வேலைக்குண்டான மாதிரி இருக்கும்."

"ஆபரேஷன் மொதலாளி…"

"வாட்ச்மேன் வேலைக்கு வெரல் எதுக்குப்பா? பகல்ல போயிட்டு வந்துக்கோ."

பச்சைமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தான். சட்டைப் பையில் இருந்த கார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி விட்டிருந்தார்கள். வாழையிலைகளை வரிசையாகப் போட்டு எடை மெஷின், பில் போடும் கம்ப்யூட்டர், மூட்டை தூக்குபவர்களின் கொக்கிகள், கார் சாவி எல்லாவற்றையும் வைத்தார்கள். நடுவில் வெள்ளித் தட்டில் பட்டுத்துணி மடித்து, அதன்மேல் ரிவால்வர். அன்றைக்கு ஒரு நாள்தான் அது சட்டைக்கு வெளியே இருந்தது. வேலைக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மனோரமா அதன் கைப்பிடியில் சந்தனம் வைத்தாள்.

"பொட்டு உள்ள போயிடப் போவுது, மேலாக்க வை," என்றார் கோவிந்தராஜ்.

"எல்லாரோட சாமானும் வந்துடுச்சா? பச்சையோடது?" என்று மனோரமா கேட்டாள்.

கோவிந்தராஜ் இலைகளைப் பார்த்தார். கார் சாவியைப் பார்த்தார். "குடோன்ல கொரங்கு வெரட்டுற கம்பு ஒண்ணு இருக்கும். அதை எடுத்துட்டு வா பச்சை."

பச்சைமுத்து போய் எடுத்துவந்தான். மூங்கில் கம்பு, ஒரு முனை பிளந்து சணல் சுற்றியிருந்தது. இலையில் வைக்க நீளம் அதிகம். வரிசை முடிகிற இடத்தில் ஈரத் தரையில் போட்டார்கள். மனோரமா குனிந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காயை வாசலில் உடைத்தார்கள். நரேஷ் காரைக் கிளப்பி, எலுமிச்சம்பழங்களின்மேல் ஏற்றி, கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிவரப் போனான்.

பிறகு மனோரமா முறத்தில் பொரியும் கடலையும் கலந்து எடுத்துவந்து ஒவ்வொருவராகக் கொடுத்தாள். பச்சைமுத்துவின் முறை வந்தது. அவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"நல்லாக் குவிச்சுப் புடி பச்சை," என்றாள் அவள், அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே.

அவன் கைகளை நெஞ்சோடு அணைத்து இறுக்கிப் பார்த்தான். பொரி மடங்காத அந்த இரண்டு விரல்களின் இடுக்கு வழியாகச் சரசரவென்று இறங்கி, கழுவிவிட்ட தரையில் அவன் காலடியைச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது.